ஒற்றும் தோழியும்: போர்க்கால உளவுக் கதைகளில் பெண்களின் நட்பு

திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல், உளவுத் தொழிலில் நட்புக்கு இடம் வைக்கவில்லை. ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறது 588ஆம் குறள். ஓர் ஒற்றரை மற்றோர் ஒற்றர் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல்லும் ஒத்து வந்தால் நம்பலாம் என்கிறது அடுத்த குறள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் இதே விதியைச் சொல்கிறது. பெண் துறவியரை ஒற்றராக அமர்த்தலாம் என்று வெளிப்படையாகக் கூறும் அந்நூல், அவர்கள் ஒருவரையொருவர் அறியலாகாது என்பதிலும் உறுதியாக நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் அமைத்த ‘சிறப்புச் செயற்பாட்டு நிர்வாகம்’ என்ற ரகசிய அமைப்பும் தன் முகவர்களுக்குப் புனைபெயர்களையே தந்தது. தேவைக்கு மேல் எவரும் எவரையும் அறிந்திருக்கக் கூடாது என்றே அது கற்பித்தது.

இவ்விதியின் காரணம் எளிது. அறியாத பெயரைச் சித்திரவதையாலும் வெளிக்கொணர முடியாது. நட்போ அறிதலில் தொடங்குவது. தோழியின் பெயர், ஊர், வீடு, அச்சம், பலவீனம் ஆகிய அனைத்தையும் அறிந்திருப்பதே நட்பு. உளவுத் தொழில் அபாயம் என்று விலக்கும் அறிவையே நட்பு செல்வமாகச் சேர்த்து வைக்கிறது. போர்க்கால உளவுப் புனைவில் பெண்களின் நட்பு இவ்வளவு வலிமையான கருவாக அமைந்ததற்கு இம்முரண் ஒரு முக்கியக் காரணம். இந்த முரணை வரலாறு எவ்வாறு சந்தித்தது, அதன் எச்சங்கள் எவ்வடிவில் நமக்குக் கிடைத்துள்ளன என்பதைப் பம்பாய், பிரான்சு, பர்மா ஆகிய மூன்று களங்களின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது.

1. தனியாள் உருவமும் இணை உருவமும்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உளவுக் கதையின் பெண் தனியள். 1917 அக்டோபர் 15 அன்று பாரிசுக்கு அருகே வான்சென்னில் சுட்டுக் கொல்லப்பட்ட மாட்டா ஹரியின் நிழல் அந்த உருவத்தின் மீது நெடுங்காலம் படிந்திருந்தது. அழகு அவளுடைய கருவி, ஆண் அதிகாரி அவளுடைய இலக்கு, துரோகம் அவளுடைய இயல்பு என்ற வாய்பாட்டில் மற்றொரு பெண்ணுக்கு இடமில்லை. இடம் பெற்றாலும் அவள் போட்டியாளராகவே வருவாள். தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த இந்நாவலில் தொழில்முறை ஒற்றனாக ஆழ்வார்க்கடியான் வருகிறான். சதியின் மையத்தில் நிற்கும் நந்தினி பெரும்பாலும் துணையற்றவள். குந்தவையும் வானதியும் கொண்ட நட்பு கதையில் அழகாக வளர்கிறது. எனினும் ஆபத்தான செய்திப் பயணம் வந்தியத்தேவனிடமே ஒப்படைக்கப்படுகிறது.

மொழியிலும் இதன் தடயம் உண்டு. ‘ஒற்றன்’ என்ற ஆண்பாற்சொல் வழக்கில் நிலைத்திருக்க, அதற்கு இணையான பெண்பாற்சொல் வேரூன்றவில்லை. ‘பெண் ஒற்றர்’, ‘பெண் உளவாளி’ என்று அடை சேர்த்தே இன்றும் எழுதுகிறோம். அடையின்றிச் சொன்னால் கேட்பவர் மனத்தில் ஆண் உருவமே தோன்றும் என்ற அனுமானம் அந்த அடைக்குள் பதுங்கியிருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் ஆங்கிலப் புனைவில் இணை உருவம் மேலோங்கியது. பிரான்சில் பணியாற்றிய பெண் முகவர்களின் பணிக் கோப்புகள் படிப்படியாகப் பொதுப்பார்வைக்கு வந்தமை இதற்கு உதவியது எனலாம். எலிசபெத் வீன் எழுதி 2012இல் வெளிவந்த ‘கோட் நேம் வெரிட்டி’ இவ்வகையில் குறிப்பிடத்தக்க நாவல். விமானம் ஓட்டும் மேடி, நாஜிகளிடம் சிக்கிய உளவாளி ஜூலி ஆகிய இருவரே அதன் மையம். முதற்பாதி முழுவதும் ஜூலி சிறையில் எழுதும் வாக்குமூலம். அவள் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று வாசகர் வருந்தும்படி அது எழுதப்பட்டிருக்கிறது. பிற்பாதியில் மேடியின் குரல் வரும்போதுதான் அந்த வாக்குமூலம் எதையெல்லாம் மறைத்தது, எங்கெல்லாம் பொய் சொன்னது என்பது விளங்குகிறது.

கேட் குவின் 2017இல் எழுதிய ‘தி ஆலிஸ் நெட்வொர்க்’ முதல் உலகப் போருக்குச் செல்கிறது. வட பிரான்சில் ஜெர்மானியர் ஆக்கிரமித்த பகுதியில் உளவு வலையமைப்பை நடத்திய லூயிஸ் த பெத்திஞி என்ற உண்மைப் பெண்ணின் வாழ்வு அதற்கு அடிப்படை. அவரும் அவருடைய தோழி மேரி லியோனி வான்ஹூத்தும் 1915இல் பிடிபட்டனர். லூயிஸ் 1918 செப்டம்பரில் சிறைவாசத்திலேயே இறந்தார். தோழி உயிர்பிழைத்துப் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்.

இந்நாவல்களில் நட்பின் உரைகல் பெரும்பாலும் விசாரணை அறைதான். யார் பேசினார், யார் பேசவில்லை, பேசியவர் எதைப் பேசினார் என்பதில்தான் விசுவாசம் அளக்கப்படுகிறது. இதிலிருந்து வரலாற்றாய்வுக்கு ஒரு சிக்கல் எழுகிறது. ஆவணம் பெரும்பாலும் பேசியவர்களிடமிருந்து பிறக்கிறது. பேசாதிருந்தவர் தம் மௌனத்தால் தோழியைக் காப்பாற்றினார் என்றால், அந்த மௌனம் காவல்துறைக் கோப்பில் வெற்றுத் தாளாகவே எஞ்சும்.

2. பம்பாய், 1942: கேட்டவர்கள் எழுதிவைத்த குரல்

1942 ஆகஸ்ட் 9 அன்று காங்கிரஸ் தலைவர்கள் கைதாயினர். அன்று கோவாலியா டாங்க் மைதானத்தில் அருணா ஆசஃப் அலி கொடியேற்றினார். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த அந்நாள்களில் உஷா மேத்தா என்ற 22 வயதுப் பெண்ணும் அவருடைய தோழர்களும் ரகசிய வானொலி ஒன்றைத் தொடங்கினர். அவர் வில்சன் கல்லூரியில் தத்துவம் பயின்றவர். காங்கிரஸ் வானொலி என்று பெயர் பெற்ற அந்நிலையத்தின் ஒலிபரப்பு ஆகஸ்ட் 27 அன்று 42.34 மீட்டர் அலைவரிசையில் கேட்டது. இந்தியாவில் எங்கோ ஓரிடத்திலிருந்து பேசுவதாக அது தன்னை அறிமுகம் செய்துகொண்டது. உண்மையில் அது பம்பாய் நகரின் நெரிசலுக்குள்ளேயே இருந்தது. சௌபாத்தி, லாபர்னம் ரோடு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, கிர்காவ், மகாலட்சுமி என அடிக்கடி இடம் மாறியது.

உஷா அறிவிப்பாளராகவும் அமைப்பாளராகவும் இருந்தார். ராம் மனோகர் லோகியா, அச்யுத் பட்வர்தன் முதலியோர் உரைகளை அளித்தனர். ஆங்கிலத்தில் பேசியவர்களுள் கூமி தஸ்தூர் என்ற பெண்ணும் ஒருவர். சிட்டகாங் குண்டுவீச்சு, ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தம், அஷ்டி, சிமூர் ஊர்களில் நடந்த ஒடுக்குமுறை ஆகியவற்றை அந்நிலையம் மக்களுக்குச் சொன்னது. சிமூரில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை அச்சு ஊடகம் எழுத முடியாதிருந்த வேளையில் வானலை பேசியது.

ஒலிபரப்பு ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. 1942 நவம்பர் 12 அன்று காவல்துறை கிர்காவிலுள்ள பாரேக் வாடிக் கட்டடத்திற்குள் நுழைந்தது. வழிகாட்டியவர் குழுவுக்கு நெருக்கமான தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர். ஆபத்து நெருங்குவது தெரிந்தும் உஷா அன்றைய ஒலிபரப்பை நிறுத்தாமல் நடத்தினார். அதைத் தம் வாழ்வின் மிகச் சிறந்த தருணம் என்றும், ஓர் இந்தியரே காட்டிக்கொடுத்ததால் மிகத் துயரமான தருணம் என்றும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அடுத்து வந்தவை தனிமைச் சிறையும் பல மாத விசாரணையும். இயக்கத்தைக் காட்டிக்கொடுத்தால் வெளிநாட்டில் படிக்க ஏற்பாடு செய்வதாக ஆசை காட்டப்பட்டது. உஷா பதில் சொல்லவில்லை. நீதிமன்றத்தில், கேள்விகளுக்குப் பதிலளிப்பது கட்டாயமா என்று நீதிபதியிடம் கேட்டார். கட்டாயமில்லை என்று அறிந்ததும், எந்தக் கேள்விக்கும் பதில் கூறப்போவதில்லை என்று தெரிவித்தார். நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு ஏரவாடா சிறைக்கு அனுப்பப்பட்டார். விடுதலை பெற்றது 1946இல்.

மொழியியல் நோக்கில் அந்த மறுப்பு கவனத்திற்குரியது. விசாரணை என்பது வினாவும் விடையும் இணைந்த உரையாடல் அமைப்பு. வினா எழுந்ததும் விடை கடமையாகிறது என்ற எதிர்பார்ப்பில்தான் அந்த அமைப்பு இயங்குகிறது. சில கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லி மற்றவற்றில் மௌனம் காப்பவர், எந்தக் கேள்வியில் ரகசியம் இருக்கிறது என்பதைத் தம்மையறியாமல் காட்டிவிடுவார். எல்லாக் கேள்விகளுக்கும் மறுப்பவரின் மௌனத்திலிருந்து எதையும் பிரித்தறிய இயலாது. அந்த மறுப்பு தன்னை மட்டும் காத்துக்கொள்ளும் உத்தியாக இருக்கவில்லை. பெயர் குறிக்கப்படாத ஒவ்வொருவருக்கும் அது அரணாக நின்றது.

காங்கிரஸ் வானொலியின் சொற்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்குப் பெரிதும் காரணம் காவல்துறை. ஒட்டுக்கேட்ட அதிகாரிகள் ஒலிபரப்புகளை எழுதிவைத்தனர். வழக்குக்குச் சான்றாகத் திரட்டப்பட்ட அப்பிரதிகளே வரலாற்றுக்கும் சான்றாயின. உஷா தாக்கர் 2021இல் வெளியிட்ட ஆய்வுநூல் அவற்றைப் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்தது. எதிரியின் காது நண்பரின் நினைவைவிட நீடித்து நின்றிருக்கிறது. ஆனால் அந்தக் காது வானலையை மட்டுமே கேட்டது. ஒலிபரப்புக்கு முன்னும் பின்னும் உஷாவும் கூமியும் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டனர், எதை அஞ்சினர், யார் யாருக்குத் தைரியம் சொன்னார் என்பவை எந்தப் பிரதியிலும் ஏறக்கூடியவை அல்ல.

புனைவு நுழைய வேண்டிய இடம் இதுவே. 2024 மார்ச்சில் கண்ணன் ஐயர் இயக்கத்தில் வந்த ‘ஏ வதன் மேரே வதன்’ என்ற இந்தித் திரைப்படம் உஷாவின் கதையை மையமாகக் கொண்டது. அதில் அவரைச் சூழ்ந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். காதலும் தந்தையுடனான முரணும் கதையை நகர்த்துகின்றன. 2018இல் வந்த ‘ராஸி’ படத்தின் செஹ்மத்தும் ஆண் அதிகாரி ஒருவரால் பயிற்சி பெற்று, பகைவர் வீட்டில் தன்னந்தனியாக நிற்பவள். பம்பாய்த் திரையுலகம் உளவில் பெண்ணை ஏற்றுக்கொண்டுவிட்டது. அவளுக்கு ஒரு தோழியைத் தரத்தான் இன்னும் தயங்குகிறது.

3. போர்ட்ஸ்ஹைம் சிறை: கிண்ணத்தின் அடியில் கீறிய பெயர்

பம்பாயில் வானொலி ஊரறிய ஒலித்தது. அடுத்த ஆண்டு ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சில் வானொலி என்பது விரலால் தட்டப்படும் சங்கேத ஒலியாக இருந்தது. நூர் இனாயத் கான் சூஃபி இசைஞர் இனாயத் கானின் மகள், திப்பு சுல்தானின் வழிவந்தவர். 1939இல் புத்த ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதி வெளியிட்டவர். 1943 ஜூனில் டயானா ரௌடன், செசிலி லெஃபோர்ட் ஆகியோருடன் விமானத்தில் பிரான்சில் இறங்கினார். நாஜி ஆக்கிரமிப்பிலிருந்த பிரான்சுக்கு அனுப்பப்பட்ட முதல் பெண் வானொலி இயக்குநர் அவரே.

அவர் சென்ற சில நாள்களில் பாரிசில் இயங்கிய உளவு வலையமைப்பு சிதைந்தது. திரும்பிவரும் வாய்ப்பு இருந்தும் மறுத்து, அக்டோபரில் பிடிபடும்வரை இடம் மாறி மாறிச் செய்தி அனுப்பினார். அவருடைய தவறும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அனுப்பிய செய்திகளின் படிகளை அவர் குறிப்பேட்டில் வைத்திருந்தார். அக்குறிப்பேட்டைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அவர் பெயரில் இலண்டனுக்குப் போலிச் செய்திகள் அனுப்பினர். விசாரணையில் அவர் வாய்திறக்கவில்லை என்பதை, அவரை வைத்திருந்த ஜெர்மானிய அதிகாரியே போருக்குப் பின் ஒப்புக்கொண்டார். அவர் காத்த மௌனத்துக்குச் சாட்சி சொன்னவர் பகைவர். அவர் எழுதிவைத்த எழுத்தைப் பயன்படுத்திக்கொண்டவரும் பகைவர்.

1943 நவம்பரில் ஜெர்மனியின் போர்ட்ஸ்ஹைம் சிறைக்கு மாற்றப்பட்டார். பத்து மாதம் சங்கிலியில், தனியறையில், எவருடனும் பேச அனுமதியின்றி இருந்தார். அதே சிறையில் யோலாந்து லாக்ராவ் என்ற பிரெஞ்சுக் கைதியும் அவருடைய தோழியரும் இருந்தனர். உணவுக் கிண்ணங்கள் அறைக்கு அறை மாறிச் செல்வதைக் கவனித்த இப்பெண்கள், கிண்ணத்தின் அடியில் கீறி எழுதி உரையாடினர். நூர் தம் பெயரை நோரா பேக்கர் என்று குறித்து, இலண்டன் முகவரியையும் எழுதினார். பேக்கர் என்பது அவருடைய தாயின் குடும்பப் பெயர்.

உளவு விதிப்படி நோக்கினால் இது பெரும் மீறல். பெயரையும் முகவரியையும் முகமறியாத ஒருவரிடம் எழுதிக் கொடுப்பது எந்தப் பயிற்சியிலும் தடைசெய்யப்பட்டது. ஆயினும் அந்த மீறலே பின்னர் அவரை வரலாற்றுக்கு மீட்டுத் தந்தது.

போர் முடிந்ததும், பிரான்சுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பாத பெண்களைத் தேடி வேரா அட்கின்ஸ் ஜெர்மனிக்குச் சென்றார். அப்பெண்களை அனுப்பிவைத்த பிரிவின் மூத்த அலுவலர் அவர். 39 பெண்கள் அனுப்பப்பட்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. அவர்களுள் 13 பேர் திரும்பவில்லை. சிறைக்காவலர், மருத்துவர், உயிர்தப்பிய கைதிகள் என ஒவ்வொருவரையும் அவர் விசாரித்தார். 1944 ஜூலை 6 அன்று நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்ட நான்கு பெண்களுள் ஒருவர் நூர் என்றே அவர் முதலில் முடிவு செய்தார். லாக்ராவின் சாட்சியம் வெளிவந்ததும் அந்த முடிவு ஆட்டம் கண்டது. நாட்ஸ்வைலரில் இறந்தவர் சோனியா ஒல்ஷானெஸ்கி என்ற வேறொரு பெண் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. நூர் கொல்லப்பட்டது 1944 செப்டம்பர் 13 அன்று, டாஹாவ் முகாமில். யோலாந்து பேக்மன், எலியான் பிளூமன், மதலேன் தாமர்மான் ஆகிய மூன்று பெண்கள் அவருடன் கொல்லப்பட்டனர்.

கிண்ணத்தில் கீறிய ஒரு பெயர் இரு பெண்களின் இறப்பைத் திருத்தி எழுத உதவியது. அந்தத் தோழமை இல்லாதிருந்தால் நூரின் முடிவு பிழையாகவே பதிவாகியிருக்கும். சோனியாவின் முடிவு மற்றொருவர் பெயரில் மறைந்தே இருந்திருக்கும்.

4. பர்மா: துர்கா என்னும் பெயர்

மூன்றாவது களம் தமிழருக்கு நெருக்கமானது. ஆய்வுக்கு மிகக் கடினமானதும் அதுவே. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அறிவித்த ஜான்சி ராணிப் படை, கேப்டன் லட்சுமியின் தலைமையில் அக்டோபர் 22 அன்று பயிற்சி முகாமைத் திறந்தது. அதில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். பெற்றோரின் ஊரைக் கண்டிராத பலர், காணாத அந்நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தினர். 1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது அவர்கள் சென்ற ரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் உயிரிழந்தனர். பொதுநினைவில் அவர்கள் பெரும்பாலும் முதற்பெயர்களாகவே எஞ்சியிருக்கின்றனர்.

இந்திய தேசிய ராணுவத்தின் உளவுப் பிரிவில் பணியாற்றியதாகக் கூறியவர் சரஸ்வதி ராஜாமணி. 1927இல் ரங்கூனில் செல்வம் மிக்க தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், 2018இல் சென்னையில் காலமானார். பதினாறு வயதில் தம் நகைகளைப் படைக்குக் கொடுத்தார். திருப்பித் தர வந்த போஸிடம் அவற்றை வாங்க மறுத்தார். பின்னர் பையன் வேடத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் இருப்பிடங்களில் எடுபிடி வேலை செய்து செய்தி சேகரித்தார். இவை அவர் நேர்காணல்களில் விவரித்தவை.

பிடிபட்டால் தம்மைத் தாமே சுட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட ஆணை என்று அவர் கூறினார். துர்கா என்ற தோழி உயிருடன் பிடிபட்டார். ராஜாமணி ஆடல்மகள் வேடத்தில் அங்கே சென்று, காவலருக்கு மயக்க மருந்து கொடுத்துத் துர்காவை மீட்டார். தப்பும்போது வலக்காலில் குண்டு பாய்ந்தது. இருவரும் மூன்று நாள் மரத்தின் மேல் ஒளிந்திருந்தனர். அதன் பின் அவர் வாழ்நாள் முழுதும் காலைச் சாய்த்து நடந்தார்.

இக்கதையை முதன்முறை கேட்கும் ஆய்வாளருக்கு இரண்டு தூண்டுதல்கள் எழும். முதலாவது, வீரவரலாறாக அப்படியே ஏற்றுப் பகிர்வது. ஆண்டுதோறும் விடுதலை நாளில் நடப்பது இதுவே. இரண்டாவது, மாறுவேடம், மயக்க மருந்து, நள்ளிரவு மீட்பு ஆகியவை உளவுப் படத்தின் கூறுகள் என்று சொல்லி முழுவதையும் தள்ளிவிடுவது. இரண்டும் உழைப்பைத் தவிர்க்கும் வழிகள்.

கேட்க வேண்டிய கேள்விகள் உண்மையிலேயே உள்ளன. 1942 நடுப்பகுதியிலிருந்து பர்மாவின் பெரும்பகுதி ஜப்பானியர் வசம் இருந்தது. அவ்வாறாயின் அந்தப் பிரிட்டிஷ் முகாம் போர்முனையின் எப்பக்கம் இருந்தது? எந்த ஆண்டு, எந்த மாதம்? இக்கதை நமக்கு வந்து சேர்ந்திருப்பது ராஜாமணியின் வாய்வழியாக. மீட்கப்பட்ட துர்காவின் சொந்தக் குரல் அதில் இல்லை. மூவர் சொல் ஒத்துவர வேண்டும் என்று குறள் கேட்கிறது. இங்கே இருப்பது ஒருவர் சொல்.

ஆனால் அந்த ஒருவர் சொல்லில் உற்றுநோக்கத்தக்க ஒரு கூறு உண்டு. ராஜாமணியின் கதையின் உச்சம் அவர் திரட்டிய ரகசியம் அன்று. எந்தச் செய்தி எந்தப் போரின் போக்கை மாற்றியது என்பதற்கு அதில் பெரிய இடமில்லை. ஆணையை மீறி ஒரு தோழியைத் திரும்ப அழைத்துவரச் சென்றதே உச்சம். நாட்டுக்கான வீரத்தை நிறுவ விரும்பும் கதையாகில் ஆணைக்குக் கீழ்ப்படிதலை மையமாக்கியிருக்கும். இக்கதை கீழ்ப்படியாமையை மையமாக்குகிறது. விவரங்கள் நினைவில் மங்கியிருக்கலாம், மிகைப்பட்டும் இருக்கலாம். ஆயினும் முதுமையில் ஒரு பெண் தம் போர்க்காலத்தை எதன் பெயரால் நினைவுகூர விரும்பினார் என்பதற்கு இது நேர்ச்சான்று.

5. அறத்தொடு நிற்றல்

இம்மூன்று களங்களையும் சேர்த்து நோக்க ஐரோப்பியக் கோட்பாடு எதையும் தேட வேண்டிய தேவை இல்லை. பெண்ணின் ரகசியமும் பெண்ணின் நட்பும் பற்றித் தமிழ் இலக்கணம் ஏற்கெனவே நுட்பமாகச் சிந்தித்திருக்கிறது. அகத்திணையின் களவில் தலைவியின் மறைபொருளைக் காப்பவள் தோழி. காவலைக் கடக்க உதவுகிறாள், அன்னையின் ஐயத்தைத் திசைதிருப்புகிறாள், தேவைப்பட்டால் பொய்யும் புனைகிறாள். ஆனால் அவள் கடமை மறைப்பதோடு முடிவதில்லை. மறைத்தால் தலைவிக்குக் கேடு வரும் என்ற நிலையில் அவளே அதை வெளிப்படுத்துகிறாள். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். இதன் எழுவகையைத் தொல்காப்பியப் பொருளியல் பட்டியலிடுகிறது. மறைமுகமாகச் சொல்லும் வழிகள் முன்னே வர, உண்மையை நேரே சொல்லுதல் இறுதியில் நிற்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இத்துறையில் அமைந்த ஒரு தோழியின் கூற்று.

காதலுக்கு வகுத்த இலக்கணத்தைப் போருக்கு அப்படியே பொருத்த இயலாது. களவு வெளிப்பட்டால் மணம் நிகழும். உளவு வெளிப்பட்டால் மரணம் நிகழும். எனினும் அடிப்படையான உள்ளுணர்வு இரண்டுக்கும் பொது. விசுவாசம் என்பது என்றென்றும் வாய்மூடியிருத்தல் என்று அவ்விலக்கணம் கருதவில்லை. எப்போது மறைக்க வேண்டும், எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற பகுத்தறிவையே தோழமை என்று அது கொள்கிறது.

இவ்வாறு நோக்கினால் மூன்று களங்களும் தெளிவடைகின்றன. நீதிமன்றத்தில் உஷா மேத்தா காத்தது மறை. பிற்காலத்தில் நேர்காணல்களில் அந்நாள்களை விரித்துரைத்தது அறத்தொடு நிற்றல். சிறையில் லாக்ராவ் நூரின் பெயரைக் காத்தார்; போர் முடிந்ததும் அதை உரியவரிடம் சேர்த்தார். வேரா அட்கின்ஸ் தாம் அனுப்பிய பெண்களின் முடிவைத் தேடி அலைந்தது செவிலியின் தேடலை ஒத்தது. ராஜாமணி துர்காவின் பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால், துர்கா என்று ஒருவர் இருந்திருக்கலாம் என்ற எண்ணமே நமக்கு எழுந்திராது. ‘கோட் நேம் வெரிட்டி’யில் ஜூலியின் எழுத்துக்கு மேடியின் எழுத்து பொருள் தருவதும் இவ்வாறே. ஒருத்தி மறைத்ததை மற்றொருத்தி உரிய காலத்தில் வெளிப்படுத்துகிறாள்.

தமிழ் இலக்கணத்தில் ஒற்று என்ற சொல் மெய்யெழுத்தையும் குறிக்கும். இவ்விரு பொருளுக்கும் பொதுவேர் உண்டென்று இங்கே வாதிடவில்லை. ஆனால் மெய் தெளிவாக ஒலிக்க உயிரின் துணை வேண்டும் என்ற பாடம் இங்கே பொருத்தமாக நினைவுக்கு வருகிறது. கோப்பில் புள்ளி வைத்த எழுத்தாக நிற்கும் பெண்ணின் பெயரை ஒலிக்கச் செய்வது பெரும்பாலும் அவளுடன் இருந்த மற்றொரு பெண்ணின் குரல்தான்.

ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறள், ஒற்றருக்குப் பலரறியச் சிறப்புச் செய்யலாகாது என்கிறது. செய்தால் மறையை ஆட்சியாளரே வெளியிட்டவராவார். ஆட்சிக்கு அது சரியான அறிவுரை. வரலாற்றுக்கு அதே அறிவுரை பேரிழப்பு. நூருக்கு 1949இல் ஜார்ஜ் சிலுவையும், உஷா மேத்தாவுக்கு 1998இல் பத்மவிபூஷணும் கிடைத்தன. கூமி, ஸ்டெல்லா, ஜோசபின், துர்கா ஆகியோரை நாம் இன்றுவரை பெரும்பாலும் மற்றவர் கதைகளின் ஓரத்திலேயே சந்திக்கிறோம்.

சர்னி ரோடு ரயில் நிலையத்திலிருந்து கிர்காவ் நடந்து செல்லும் தொலைவுதான். தாணே, தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளிலிருந்து நாள்தோறும் தென்பம்பாய் செல்லும் தமிழர்களுள் பாரேக் வாடியின் பெயரை அறிந்தவர் சிலரே. 1940களை நேரில் கண்ட தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவர்களிடம் கேட்டு வளர்ந்த மகள்களும் மருமகள்களும் இந்நகரிலும் தமிழகத்திலும் மலேசியாவிலும் இன்னும் இருக்கின்றனர். வாய்மொழி வரலாறு திரட்டச் செல்லும் மாணவர் பொதுவாக முதலில் கேட்பது, “உங்கள் பாட்டி என்ன செய்தார்?” என்பதே. அதனுடன் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழக வேண்டும்: “அப்போது அவருடன் யார் இருந்தார்?” அதற்கு வரும் பெயரை, சொன்னவர் யார், சொன்ன நாள் எது, சொன்ன ஊர் எது என்ற குறிப்புகளுடன் எழுதிவைக்க வேண்டும். மூன்றாவது சொல் என்றாவது வந்து சேரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.